க்ஷேத்திராடனமும் சுற்றுலாவும்: பெங்களூருவின் பழங்கோயில்கள்

யாத்திரை முடித்துத் திரும்பியவரிடம் வீட்டுப் பெரியவர்கள் முன்பெல்லாம், "தரிசனம் நன்றாகக் கிடைத்ததா?" என்று கேட்பார்கள். இன்று அந்த இடத்தில், "எத்தனை கோயில் பார்த்தீர்கள்?" என்ற கேள்வி வந்து அமர்ந்துவிட்டது. முதல் கேள்விக்கு எண்ணால் விடை கூற இயலாது. இரண்டாவது கேள்விக்கு எண்ணைத் தவிர வேறு விடை தேவைப்படுவதில்லை.

பெங்களூரு பசவனகுடியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நின்று பார்த்தால் இந்த மாற்றம் நன்கு விளங்கும். வேன் ஒன்று வந்து நிற்கிறது. உள்ளே இருப்பவர்கள் இறங்குகிறார்கள். பெரிய கணபதிக்கு ஒரு கும்பிடு, பெரிய நந்தியின் முன் ஒரு புகைப்படம், மீண்டும் வேன். அடுத்து கவிபுரத்துக் குகைக் கோயில், அதற்கடுத்து ஹலசூரு சோமேசுவரர் ஆலயம். பகலுணவுக்குள் ஏழெட்டு ஆலயங்கள் முடிந்துவிடுகின்றன. இவர்களைக் குறை கூறுவதற்கில்லை. கிடைத்தது ஒரு நாள் விடுமுறை; உடன் முதியவர்கள் இருக்கிறார்கள், பசி பொறாத குழந்தைகள் இருக்கிறார்கள். அந்த ஒரு நாளையும் இறைவன் சன்னிதியில் கழிக்க எண்ணியதே நல்லதுதான்.

ஆயினும் ஆலய தரிசனத்துக்கென்று நம் முன்னோர் சில நெறிகளை வகுத்துள்ளனர். நீராடிச் செல்வது, வாயிலில் தலை தாழ்த்துவது, மெல்ல வலம் வருவது எல்லாம் நாம் அறிந்தவை. இவற்றுள் இன்று பெரும்பாலும் கைவிடப்பட்டது, புறப்படும் முன் பிராகாரத்தில் சிறிது நேரம் அமர்ந்து வருவது. இதற்குப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. எளிமையான காரணம் ஒன்று உண்டு. கண் ஒரு நொடியில் கண்டுவிடுகிறது. மனம் அதைப் பெற்றுக்கொள்ளச் சற்று நேரம் பிடிக்கிறது.

பெங்களூரு இதைப் பயில்வதற்கு ஏற்ற ஊர். "கோயில் பார்க்க வேண்டுமானால் காஞ்சிபுரமோ கும்பகோணமோ போகலாம், பெங்களூருவில் என்ன இருக்கிறது?" என்பார் பலர். கணிப்பொறி நிறுவனங்களும் போக்குவரத்து நெரிசலும்தான் அந்தப் பெயரைக் கேட்டதும் நினைவுக்கு வருகின்றன. பழைமை தானாக முன்வந்து நிற்காத ஊரில்தான் பார்ப்பவருக்குப் பொறுமை தேவைப்படுகிறது.

குகையில் விழும் ஒளி

கவிபுரத்துக் கங்காதரேசுவரர் ஆலயம் பாறையைக் குடைந்து அமைக்கப்பட்டது. கன்னடத்தில் 'கவி' என்றால் குகை. முற்றத்தில் நான்கு பெரிய ஒற்றைக்கல் வேலைப்பாடுகள் நிற்கின்றன: திரிசூலம் ஒன்று, உடுக்கை ஒன்று, சூரியனையும் சந்திரனையும் குறிக்கும் வட்டத் தகடு தாங்கிய தூண்கள் இரண்டு. உள்ளே சென்று மூலவரை வலம் வர வேண்டுமானால் குனிந்துதான் நடக்க வேண்டும். பாறைக் கூரை அவ்வளவு தாழ்வானது. எவ்வளவு பெரிய மனிதரானாலும் இங்கே தலை தாழ்ந்தே தீரும்! இரு தலைகளும் ஏழு கைகளும் மூன்று கால்களும் கொண்ட அக்கினி தேவனின் அரிய திருவுருவமும் இக்குகையில் உண்டு. விரைந்து வருபவர்கள் அதைக் காணாமலேயே வெளியேறிவிடுகிறார்கள்.

மகர சங்கராந்தி அன்று மாலை இவ்வாலயத்தில் கூட்டம் அலைமோதும். மேற்கே சாயும் கதிரவனின் ஒளி நந்தியின் இரு கொம்புகளுக்கும் இடையே புகுந்து சிவலிங்கத்தின் மேல் படிகிறது. சில நிமிடங்கள்தான், பிறகு ஒளி விலகிவிடுகிறது. மேகம் மறைத்து, காத்திருந்தோர் அந்தக் காட்சியைக் காணாமல் திரும்பிய ஆண்டும் உண்டு.

பெங்களூரு ஜவாஹர்லால் நேரு கோளரங்கத்தின் அறிஞர்களும் உடன் ஆய்ந்தவர்களும் 2008-இல் இதைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். கதிரொளி லிங்கத்தின் மேல் படிவது ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் நிகழ்வதன்று; ஜனவரி நடுவில் சில நாட்களும், நவம்பர் இறுதியை ஒட்டிச் சில நாட்களும் நிகழ்கிறது என்று அவர்கள் கண்டனர். தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்ற ஆங்கில ஓவியர்கள் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கோயிலை வரைந்துள்ளனர். அந்த ஓவியங்களை இன்றைய அமைப்போடு ஒப்பிட்டபோது, பிற்காலத்தில் சில சுவர்களும் கட்டுமானங்களும் சேர்ந்திருப்பது புலனாயிற்று. அதற்கு முன்பு ஒளி படிந்த நாள் வேறாக இருந்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து.

இதைக் கேட்டதும் சிலருக்கு மனம் சுருங்குகிறது. நம்பிக்கைக்கு ஊறு நேர்ந்ததாக எண்ணுகிறார்கள். அவ்வாறு எண்ண வேண்டியதில்லை. வானத்தில் கதிரவனின் வழியை ஆண்டு முழுவதும் கவனித்து, பாறையில் எந்தப் பக்கம் திறப்பு வைக்க வேண்டுமென்று முடிவு செய்த சிற்பியின் பொறுமை இந்த ஆய்வினால் ஒரு துளியும் குறையவில்லை. நவம்பர் இறுதியில் ஒரு சாதாரண மாலையில், நெரிசலே இல்லாத வேளையில், அதே ஒளி அதே இறைவனைத் தொழுகிறது என்று தெரிந்துகொள்வது அன்பருக்கு ஆதாயந்தானே!

நந்தியின் பாதத்தில் பிறந்த நதி

கவிபுரத்திலிருந்து பசவனகுடி நடந்து செல்லும் தொலைவுதான். 'பசவன குடி' என்பதற்கு நந்தியின் கோயில் என்று பொருள். கோயிலின் பெயரே பேட்டையின் பெயராயிற்று. ஒரே கல்லில் செதுக்கப்பட்ட நந்தி ஏறத்தாழ 15 அடி உயரமும் 20 அடி நீளமும் உடையது. 1537-இல் பெங்களூருக் கோட்டையை எழுப்பிய கெம்பே கௌடரே இக்கோயிலையும் கட்டுவித்தார் என்பது மரபு.

கார்த்திகை மாதத்தின் கடைசித் திங்கட்கிழமையில் இங்கே 'கடலேகாயி பரிஷே' என்னும் நிலக்கடலைத் திருவிழா நடைபெறுகிறது. சுற்று வட்டார உழவர்கள் முதல் விளைச்சலைக் கொண்டு வந்து நந்திக்குப் படைக்கிறார்கள். சாலையின் இரு புறமும் கடலைக் குவியல்கள். ஒரு காலத்தில் காளை ஒன்று கடலை வயல்களை மேய்ந்து அழித்ததாகவும், உழவர்கள் வேண்டிக்கொண்டு கோயில் எழுப்பியதும் அது அடங்கியதாகவும் கதை வழங்குகிறது. நிலக்கடலை தென் அமெரிக்காவில் தோன்றி, ஐரோப்பியக் கப்பல்களின் வழியே நம் நாட்டுக்கு வந்த பயிர். எனவே இக்கதை மிகப் பழையதாக இருக்க முடியாது. ஆனாலும் கடல் கடந்து வந்த ஒரு புதுப்பயிரையும் சில தலைமுறைக்குள் இறைவனுக்குரிய காணிக்கையாக ஆக்கிக்கொண்ட அந்த உழவர்களின் மனம் எண்ணி மகிழத்தக்கது.

இக்கோயிலைப் பற்றிய மற்றொரு நம்பிக்கையைத்தான் நின்று சிந்திக்க வேண்டும். விருஷபாவதி என்னும் ஆறு இந்த நந்தியின் பாதத்தில் தோன்றுவதாகச் சொல்வர். விருஷபம் என்பதே அந்நதிக்குப் பெயர் தந்தது. நந்தியின் அடியில் பிறந்த நதி இன்று நகரின் கழிவுநீரைச் சுமந்து ஓடுகிறது. மைசூரு சாலையில் செல்வோர் அதை ஆறு என்று அறிவதில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிறார்கள். அந்த நீர் அங்கேயே நின்றுவிடுவதில்லை. அர்க்காவதியில் கலக்கிறது, அர்க்காவதி சங்கமத்தில் காவிரியைச் சேர்கிறது. காவிரி எங்கெல்லாம் பாய்கிறது என்பதைத் தமிழ் மக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நந்தியின் நெற்றியில் குங்குமம் இட்டு வணங்கும் கைதான், மீதியிருந்த தேங்காய் ஓட்டையும் நெகிழிப் பையையும் பக்கத்துச் சாக்கடையில் எறிகிறது. வழிபாடும் இதுவும் ஒரே நதியில்தான் போய்ச் சேருகின்றன.

புதைந்த தீர்த்தம்

நீரைப் பற்றிய சிந்தனை நம்மை நகரின் வடமேற்கே உள்ள மல்லேசுவரத்துக்கு அழைத்துச் செல்கிறது. அங்குள்ள காடு மல்லேசுவரர் ஆலயம், பெயர் கூறுவது போல ஒரு காலத்தில் காட்டின் நடுவே இருந்தது. சத்ரபதி சிவாஜியின் தம்பியாகிய ஏகோஜி 1669-இல் இவ்விறைவனுக்கு ஒரு கிராமத்தைக் கொடையாக அளித்ததைக் கல்வெட்டு தெரிவிக்கிறது. சில ஆண்டுகளுக்குப் பின் தஞ்சையில் மராட்டிய அரசை நிறுவியவர் இவரே. தஞ்சைப் பெரிய கோயிலில் மராட்டியர் திருப்பணிகளைக் கண்டு வியக்கும் அன்பர்கள், அந்தக் குடும்பத்தின் பக்தியை அதற்கும் முன்பே பெற்ற ஓர் ஆலயம் பெங்களூருவில் இருக்கிறது என்பதை நினைவில் கொள்ளலாம்.

இவ்வாலயத்துக்கு எதிரே வெகு காலம் ஒரு மண் மேடு மட்டுமே இருந்தது. 1997-இல் அந்த நிலத்தில் கட்டடம் எழும் நிலை வந்தபோது, அப்பகுதி மக்கள் அதைத் தடுத்துத் தோண்டிப் பார்க்கச் செய்தனர். மண்ணுக்கடியில் ஒரு கோயில் இருந்தது. தெற்கு நோக்கிய நந்தி. அதன் வாயிலிருந்து நீர் வழிந்து கீழே உள்ள சிவலிங்கத்தின் மேல் விழுகிறது. அங்கிருந்து படிகள் சூழ்ந்த திருக்குளத்தை அடைகிறது. எத்தனையோ காலம் யாரும் காணாமல், மணி ஒலிக்காமல், புதைந்து கிடந்த தீர்த்தம் இது. இன்று 'தட்சிணமுக நந்தி தீர்த்தம்' என்ற பெயரில் வழிபாட்டில் உள்ளது. தோண்டச் சொன்னவர்கள் அரசர்களோ செல்வர்களோ அல்லர். அந்தத் தெருக்களில் குடியிருந்தவர்கள்.

குகையும் ஊற்றும் குளமும் தெய்வத்தின் இருப்பிடம் என்னும் உணர்வு நம் நாட்டோடு நின்றதன்று. ஜப்பானில் தோக்கியோவுக்கு அருகே காமகுரா என்ற பழைய நகரம் உள்ளது. 12-ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் 1333 வரை அந்நாட்டின் படைத்தலைவர்கள் அங்கிருந்தே ஆட்சி செய்தனர். இன்று அது புத்த ஆலயங்களும் ஷிந்தோ ஆலயங்களும் நிறைந்த ஊர். பாறையைக் குடைந்த சுரங்க வழியில் நுழைந்து அடையும் ஓர் ஆலயம் அங்கே இருக்கிறது. உள்ளே குகை; குகையில் ஊற்று. மக்கள் சிறு மூங்கில் கூடையில் நாணயங்களை வைத்து அந்நீரில் கழுவி எடுத்துச் செல்கிறார்கள். செல்வம் தூய்மையும் பெருக்கமும் அடையும் என்பது நம்பிக்கை. அங்கே போற்றப்படும் பென்சைதென் என்ற தேவி வேறு யாருமல்லள். பௌத்தத்தோடு சீனம் வழியாகச் சென்று சேர்ந்த நம் சரஸ்வதி தேவியே. காமகுராவுக்கும் ஒரே நாளில் சென்று திரும்பும் பயணிகள் திரள் திரளாக வருகிறார்கள்; அவசரம் அங்கும் உண்டு. ஆனால் ஆலயத்தின் முகப்பிலேயே நீர்த்தொட்டியும் அகப்பைகளும் இருக்கின்றன. இரு கைகளையும் வாயையும் அலம்பிக்கொண்ட பின்னரே சன்னிதியை அணுகுவது முறை. அந்த ஒரு செயல் எந்த அவசரக்காரரையும் சற்று நிற்க வைக்கிறது. நம் திருக்குளங்கள் செய்துவந்த பணியும் அதுதான். குளத்தில் கால் நனைத்துப் படியேறி வந்தவர் ஓடிவர முடியாது. குளம் வற்றிய பிறகு வாகனத்தின் கதவிலிருந்து நேரே கொடிமரத்தின் முன் வந்து நிற்கிறோம்.

தேடி வரும் தேவி

பெங்களூருவின் பழைய பேட்டையில், திகளர்பேட்டையில், தர்மராயர் கோயில் இருக்கிறது. பாண்டவர்களுக்கும் திரௌபதிக்கும் உரிய ஆலயம். சித்திரைப் பௌர்ணமி இரவில் நடைபெறும் கரகத் திருவிழாவால் அது நாடறிந்தது. பூந்தோட்டமும் காய்கறித் தோட்டமும் வைத்து வாழ்ந்துவந்த திகளர் சமூகத்தார் இதை நடத்துகிறார்கள். 'திகளர்' என்ற சொல் பழைய கன்னட வழக்கில் தமிழரைக் குறித்ததும் உண்டு. வட தமிழ்நாட்டுத் திரௌபதியம்மன் விழாக்களைக் கண்டவர்களுக்குக் கரகத்தின் சாயல் அந்நியமாகத் தோன்றாது.

பாரதப் போர் முடிந்து பாண்டவர்கள் விண்ணுலகம் செல்லும்போது திரௌபதி ஓர் அசுரனை அழிக்கப் பின்தங்கினாள். வீரகுமாரர்கள் என்னும் படையைத் தோற்றுவித்தாள். பணி முடிந்து விடைபெற்றபோது பிள்ளைகள் அழுதார்கள். ஆண்டுதோறும் வருவதாக வாக்களித்தாள். இது அவர்களுடைய ஐதிகம். அந்த வாக்கு நிறைவேறும் இரவே கரகம். பெண் கோலம் பூண்ட பூசாரி, மல்லிகையால் கோபுரம் போல் அலங்கரித்த கரகத்தைக் கையால் தொடாமல் தலையில் தாங்கி நள்ளிரவுக்குப் பின் புறப்படுகிறார். உருவிய வாளுடன் வீரகுமாரர்கள் சூழ்ந்து செல்கிறார்கள். பேட்டையின் குறுகிய தெருக்களெல்லாம் சுற்றிவரும் கரகம், காட்டன்பேட்டையில் உள்ள தவக்கல் மஸ்தான் தர்காவிலும் நின்று செல்கிறது. இது நீண்ட காலமாக நிலைத்துவரும் வழக்கம்.

எல்லா ஆலயங்களிலும் நாம் தெய்வத்தைக் காணச் செல்கிறோம். இந்த ஓர் இரவில் தெய்வம் ஊரைக் காண வருகிறது. அவரவர் வாசலைக் கழுவிக் கோலமிட்டுக் காத்திருப்பதே அன்றைய வழிபாடு.

கரகத்துக்குரிய சடங்குகளில் ஒன்று சம்பங்கி ஏரியில் நடைபெறும். அந்த ஏரி எங்கே? அதன் பெரும்பகுதியின் மேல் இன்று கண்டீரவ விளையாட்டரங்கம் எழுந்திருக்கிறது. அருகில் ஒரு சிறு குளம் மட்டும் எஞ்சியுள்ளது. திருவிழாவுக்குத் தேவைப்பட்டதால் அவ்வளவாவது மிஞ்சியது. தர்மாம்புதி என்ற மற்றோர் ஏரியின் இடத்தில் கெம்பே கௌடர் பேருந்து நிலையம் இருக்கிறது. எந்த விழாவும் அதைக் காக்கவில்லை.

பெயர் எழுதிய கல்

பெங்களூரு என்ற பெயருக்கு ஒரு கதை எல்லோருக்கும் தெரியும். வேட்டைக்கு வந்து வழி தவறிய ஹொய்சள மன்னன் வீர வல்லாளனுக்கு ஒரு மூதாட்டி அவித்த பயறு கொடுத்தாள். வெந்த பயறு எனப் பொருள்படும் 'பெந்தகாளு' என்ற சொற்களே ஊரின் பெயராயிற்று என்பார்கள். அன்னமிட்ட கையை ஓர் ஊரின் பெயரிலேயே நிறுத்திவைக்கும் அழகிய கதை. ஆனால் நகரின் தென் பகுதியான பேகூரில் உள்ள கல் ஒன்று வேறு செய்தி கூறுகிறது. அங்குள்ள பஞ்சலிங்க நாகேசுவரர் ஆலயத்தில், ஏறத்தாழ கி.பி. 890-ஐச் சேர்ந்த கன்னடக் கல்வெட்டு, கங்க அரசின் அதிகாரியான நாகத்தரனைச் சார்ந்த ஒருவன் 'பெங்களூருப் போரில்' உயிர் நீத்ததைக் குறிக்கிறது. வல்லாளன் பிறப்பதற்கு முன்பே, கெம்பே கௌடரின் கோட்டைக்கு ஆறரை நூற்றாண்டுகளுக்கு முன்பே, இப்பெயர் வழங்கியிருக்கிறது! அந்த ஆலயத்தின் சிவ சன்னிதிகளில் ஒன்றுக்குச் சோளேசுவரர் என்பது பெயர். சோழர் ஆட்சி இங்கே பரவியிருந்ததன் நினைவு அது.

மடிவாளத்தில் உள்ள சோமேசுவரர் ஆலயத்துக்குச் செல்வோர் மேலும் ஒரு வியப்பை அடைவர். அதன் சுவர்களில் தமிழிலும் கிரந்தத்திலும் எழுத்துகள் இருக்கின்றன. 1247-ஆம் ஆண்டுக் கல்வெட்டொன்று, வேப்பூரைச் சேர்ந்த ஒருவர், 'வெங்களூர்ப் பெரிய ஏரி'யின் கீழ் உள்ள நிலத்தை இறைவனுக்கு அளித்ததைச் சொல்கிறது. வேப்பூர் என்பது பேகூர். வெங்களூர் என்பது பெங்களூரு. அருகிலுள்ள தாவரெகெரெ என்னும் பகுதியின் பெயரும் இங்குள்ள தமிழ்க் கல்வெட்டுகளில் தாமரையைச் சுட்டும் வடிவில் வருகிறது. வெளிவட்டச் சாலையையும் ஓசூர் சாலையையும் நோக்கி விரையும் வாகனங்களின் இரைச்சலுக்கு நடுவே, தாமரை பூத்த ஒரு குளத்தின் பெயரைக் கல் இன்றும் காத்து வைத்திருக்கிறது.

இவற்றை நாம் அறிந்தது எப்படி? பெங்களூருவிலேயே 1837-இல் பிறந்த பெஞ்சமின் லூயிஸ் ரைஸ் என்ற ஆங்கிலேயர் மைசூர் அரசின் தொல்லியல் துறையில் பணியாற்றி, ஊர் ஊராகக் கல்வெட்டுகளைப் படியெடுக்கச் செய்தார். பெங்களூரு மாவட்டத்துக்குரிய தொகுதி 1905-இல் வெளிவந்தது. அத்தொகுதியில் உள்ள கற்கள் பல இன்று இல்லை. சாலை விரிவாக்கத்தில் சில போயின. அடித்தளத்தில் சில புதைந்தன. துணி துவைக்கும் கல்லாகச் சில மாறின. 1909-இல் தொடங்கப்பட்ட 'மித்திக் சொசைட்டி' என்னும் ஆய்வு நிறுவனமும் ஆர்வலர்களும் சேர்ந்து, எஞ்சியவற்றைத் தேடிக் கண்டு முப்பரிமாண முறையில் கணிப்பொறியில் பதிவு செய்யும் பணியை அண்மை ஆண்டுகளில் மேற்கொண்டுள்ளனர். ஹெப்பாளத்தில் கிடைத்த கிட்டய்யன் என்ற வீரனின் நடுகல் கி.பி. 750-ஐ ஒட்டியது, மண்ணிலிருந்து அது மீட்கப்பட்டதும் இத்தகைய ஆர்வலர்களின் முயற்சியால்தான். அலுவலகப் பணி முடிந்த நேரத்திலும் விடுமுறை நாட்களிலும் கல்லைத் தேடி அலையும் இவர்கள் தங்களைப் பக்தர்கள் என்று சொல்லிக்கொள்வதில்லை.

கற்கள் அழிவதற்கு அலட்சியம் மட்டும் காரணமன்று என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். அன்பும் அழிக்கிறது. திருப்பணி என்ற பெயரில் சுவருக்கு வண்ணம் பூசுகிறோம். மணலை வேகமாகப் பீய்ச்சிக் கல்லைப் 'புதிதாக்கு'கிறோம். எழுத்துப் பள்ளங்களில் விபூதியையும் எண்ணெயையும் தடவுகிறோம். தரைக்குப் பளிங்கு ஒட்டி அடிப்பட்டையின் எழுத்துகளை மூடுகிறோம். ஆயிரம் ஆண்டு மழைக்குத் தப்பிய எழுத்து ஒரு குடமுழுக்குக்குத் தப்பாத நிலையைப் பல ஊர்களில் காண்கிறோம்.

அழகியார் அளித்த நிலைக்கால்கள்

தொம்மலூர் என்றால் பெங்களூருவில் வேலை பார்ப்பவர்களுக்கு மேம்பாலமும் அலுவலகக் கட்டடங்களும் நினைவுக்கு வரும். அங்கே சொக்கநாத சுவாமி ஆலயம் இருக்கிறது. 'சொக்கநாதர்' என்றதும் மதுரையை நினைத்துச் சிவன் கோயில் என்று எண்ணிச் செல்பவர்கள் உண்டு. உள்ளே ஸ்ரீதேவி பூதேவி சமேதராகத் திருமால் நிற்கிறார். கல்வெட்டுகளில் அவர் திருநாமம் சொக்கப்பெருமாள். ஊரின் பெயர் தோம்பலூர். தேசிமாணிக்கப் பட்டணம் என்ற மற்றொரு பெயரும் அதற்கு உண்டு. திசைதோறும் சென்று வாணிகம் செய்த வணிகர் குழுக்களை நினைவூட்டும் பெயர் அது.

இங்குள்ள கல்வெட்டுகள் பல தமிழில் அமைந்தவை. ஹொய்சள மன்னன் வீர ராமநாதன் காலத்தவை அவற்றுள் உண்டு. திருவரங்கத்துக்கு அருகே கண்ணனூரில் இருந்து ஆண்டவன் அவன். காவிரிக் கரையில் இருந்த மன்னனின் ஆணை தோம்பலூர்ப் பெருமாள் கோயில் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. நிலம் கொடுத்தவர்கள், வரியை விட்டுக்கொடுத்தவர்கள், கிணறும் வீடும் அளித்தவர்கள் என்று கொடையாளர் பலர். தலைக்காட்டு என்பவரும் அவர் மனைவியும் சேர்ந்து நிலம் அளித்ததாக ஒரு கல்வெட்டு கூறுகிறது. ஏறத்தாழ 1270-ஐச் சேர்ந்த ஒன்று மிகச் சிறிய செய்தியைச் சொல்கிறது: அழகியார் என்பவர் வாயிலுக்கு இரண்டு நிலைக்கால்கள் அளித்தார். அவ்வளவுதான். கோபுரம் இல்லை, தேர் இல்லை. ஒரு வாயிலின் இரு பக்கத்துக் கற்கள். அழகியார் யார், என்ன தொழில் செய்தார், எந்த வேண்டுதலை நிறைவேற்றினார் என்று கல் சொல்லவில்லை.

தமிழ்க் கல்வெட்டுகளில் கொடை விவரம் முடிந்தபின் இறுதியில் ஒரு வாசகம் வருவது மரபு. இந்தத் தருமத்தைக் காப்பவரின் திருவடி என் தலைமேல் என்று கொடையாளர் கூறுவார். பிள்ளைகளுக்கு அறிவுரை சொல்லும்போது இந்த மரபை விளக்கிச் சொல்வது நல்லது. தருமம் செய்தவர் உயர்ந்தவர் என்றே நாம் எண்ணுகிறோம். இங்கே தருமம் செய்தவர், பின்னால் வரப்போகும் முகம் தெரியாத ஒருவரின் பாதத்தைத் தன் தலையில் தாங்குகிறார். யார் அந்த ஒருவர்? அரசராக இருக்கலாம், கோயில் கணக்கராக இருக்கலாம். நூறாண்டோ ஐந்நூறாண்டோ கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வேனில் வந்து இறங்குபவராகவும் இருக்கலாம். கல்லில் எழுதியவர் அவரை எதிர்பார்த்துத்தான் எழுதினார். அழிப்பவரைக் குறித்த சாபமும் உண்டு. கங்கைக் கரையில் பசுவைக் கொன்ற பாவத்தை அடைவார் என்று. ஆனால் முதலில் வைத்தது வணக்கத்தை.

இந்த வாசகத்தின் முன்னே சுற்றுலாப் பயணி என்ற நிலை மறைந்துவிடுகிறது. பார்க்க வந்தவர், காக்க வேண்டியவராகிறார். அதற்குப் பெரும் செல்வம் எதுவும் வேண்டாம். அடிப்பட்டையில் எழுத்து இருக்கும் இடத்தில் கற்பூரம் ஏற்றாமல் இருக்கலாம். சுவர் மறையும்படி அலமாரி வைத்திருந்தால் அர்ச்சகரிடமும் தருமகர்த்தரிடமும் பணிவாகச் சொல்லலாம். திருப்பணிக்கு நன்கொடை கேட்டு வருபவரிடம், எழுத்துள்ள கற்களைப் படியெடுத்தாயிற்றா என்று கேட்கலாம். எழுத்தைப் படிக்க விரும்பினால் சுண்ணமும் மாவும் பூச வேண்டியதில்லை. மாலை வேளையில் கைவிளக்கைக் கல்லின் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தாலே பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து தெளிந்துவிடும்.

தொம்மலூர்ப் பெருமாளைச் சேவிக்கத் தமிழ் இளைஞர்களும் வருகிறார்கள். பெரும்பாலோர் கைகூப்பி, தீர்த்தமும் துளசியும் பெற்று, கைப்பேசியில் நேரம் பார்த்துப் புறப்படுகிறார்கள். எப்போதாவது ஒருவர் சுவரோரம் நின்றுவிடுவார். பழைய வடிவமானாலும் 'ப' ஏறக்குறைய 'ப' போலவும் 'ட' ஏறக்குறைய 'ட' போலவும் இருக்கும்; புள்ளிகள் இரா. விரலால் தொடாமல் கண்ணால் மட்டும் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிக்கொண்டு போனால், மூன்றாவது நான்காவது முயற்சியில் ஒரு சொல் பிடிபடும். பிறகு அவர் பிராகாரத்தில் சற்று நேரம் உட்காருகிறார். வெளியேறும்போது வாயிலில் நின்று, தலையைத் தாழ்த்தி, நிலைக்காலின் மேல் கால் படாமல் விலகி நடக்கிறார்.